செருப்புச் சக்கரம் போட்ட இரட்டைக்காளை

தக்கலையில் என் ஃபேன்சி கடைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். ரிமோட் கார், சோப்புக் குமிழி விடும் துப்பாக்கி, பார்பி மாதிரியே இருக்கும் ஆனால் பார்பி இல்லாத பொம்மை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும்போது, கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருக்கும் வாலறுந்த சேவலைக் காட்டி "அது எவ்வளவு?" என்று கேட்பார்கள். "அது விக்கியதுக்கு இல்ல மக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அந்த அலமாரிக்கு 'டெபாசிட் போன அலமாரி' என்று பேர் வைத்திருக்கிறார். அதில் இருப்பது முழுக்கத் தேர்தலுக்கு வந்த சாமான். கட்சிக்காரர்கள் கொடுத்தது, விட்டுப்போனது, வண்டியிலிருந்து விழுந்தது என்று எப்படியோ பிள்ளைகள் கைக்குப் போய் விளையாட்டுச் சாமானாக மாறியவை.

சேவலிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எம்.ஜி.ஆர். இறந்து ஒரு வருஷம் கழித்து, 1989 ஜனவரியில் தேர்தல். அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடங்கிப்போய் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இரணியல் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா புறா, சித்தப்பா சேவல். ஒரே முற்றம், ஒரே கிணறு. சாப்பிடும்போது மட்டும் அப்பா தெற்குத் திண்ணையில், சித்தப்பா வடக்குத் திண்ணையில். நடுவில் பரிமாறி அலுத்துப்போன பாட்டி, "ரெண்டு சவமும் வெளிய போய்த் தின்னுங்கல" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சித்தப்பா ஒரு நிஜச் சேவலையே காலில் கயிறு கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போவார். எனக்கும் தம்பிக்கும் நாகர்கோவிலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேவல் வாங்கி வந்தார். வயிற்றில் விசில், வாலில் ஊத வேண்டும். அதன் கழுத்தில் கறுப்பு சிவப்பு பெயின்ட் ஒரு கோடு. அப்பா விடுவாரா? மறுநாளே இரண்டு குருவி விசில் வந்தது. வயிற்றில் தண்ணீர் ஊற்றி ஊதினால் கிலுகிலுவென்று கூவுமே, கோட்டாறு சவேரியார் திருவிழாக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்களே, அதேதான். இரண்டையும் கழுத்தோடு சேர்த்து நூலால் கட்டி, "இது புறா, கேட்டியா?" என்றார். குருவியைப் புறா என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

தேர்தலில் சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு ஒன்றிரண்டுதான். பதின்மூன்று வருஷம் கழித்து தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. ரிசல்ட் வந்த ராத்திரி நிஜச் சேவல் குழம்பானது. அந்தக் குழம்பை அப்பாவும் சித்தப்பாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் இரண்டு அணியும் ஒன்றாகி இலையும் திரும்பி வந்துவிட்டது. பிளாஸ்டிக் சேவலை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. புறாவில் ஒன்றைத் தம்பி தெரு ஓடையில் விட்டுவிட்டான். மிச்சம் ஒன்றும் சேவலும் அம்மாவின் தையல் மிஷின் டிராயரில் கிடந்து, என் கல்யாணத்துக்குப் பிறகு தக்கலைக்கு வந்தது.

கடை வைத்த பிறகுதான் அந்தச் சேவலைத் தொழில்காரியின் கண்ணால் பார்த்தேன். நடுவில் ஒரு ஒட்டுக்கோடு ஓடும், ஊதிச் செய்த மெல்லிசுப் பிளாஸ்டிக், கிலுக்குக்குப் போடும் அதே சரக்கு. எல்லாத் திருவிழாவிலும் விற்ற பொம்மைதான். கட்சிக்காக யாரும் அச்சு வெட்டவில்லை. கழுத்தில் இருக்கும் அந்தக் கறுப்பு சிவப்புக் கோடு ஒன்றுதான் அதைத் தேர்தல் பொம்மை ஆக்குகிறது. நம் ஊரில் முக்கால்வாசி இப்படித்தான், திருவிழாப் பொம்மைக்குக் கொடி கட்டிவிடுவது.

அமெரிக்காவில் கதை வேறு. டாலஸில் இருக்கும் என் தம்பி, புறாவை ஓடையில் விட்ட அதே ஆள், பாவத்தைக் கழுவுகிற மாதிரி போன தடவை ஒரு தகரக் கிளிக்கர் கொண்டுவந்தான். கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்', விட்டால் 'டக்'. நாம் சின்னதில் வைத்திருந்த தகரத் தவளைதான், ஆனால் தவளைக்குப் பதிலாக மேலே 'கிளிக் வித் டிக்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. டிக் என்பது ரிச்சர்ட் நிக்சனின் செல்லப் பேர். 1960 தேர்தலில் கென்னடியை எதிர்த்து நின்று தோற்றபோது அடித்துக் கொடுத்தது. பார்த்தீர்களா, அங்கே தகரத்தை வெட்டும்போதே கட்சிக்காக வெட்டியிருக்கிறார்கள். 1896-ல் மெக்கின்லிக்காகச் சோப்பில் குழந்தை பொம்மை செய்து டப்பாவில் படுக்கவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். 1964-ல் ரெம்கோ என்ற பொம்மைக் கம்பெனி ஜான்சனுக்கு ஒன்று, கோல்ட்வாட்டருக்கு ஒன்று என்று இரண்டு கட்சித் தலைவரையும் பொம்மையாக்கி விற்றது. வியாபாரின்னா அதுதான் வியாபாரி. கார்ட்டர் நிலக்கடலை விவசாயி என்பதால் 1976-ல் பல்லைக் காட்டிக்கொண்டு நடக்கும் சாவிக் கடலை வந்தது. இவ்வளவு ஏன், நான் மாசம் இரண்டு டஜன் விற்கும் டெடி கரடியே 1902-ல் கட்டிவைத்த கரடியைச் சுட மாட்டேன் என்ற தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரில் பிறந்ததுதான். தேர்தலுக்கு வந்தது இல்லை என்றாலும் ஜனாதிபதியின் பேர்தான் இன்னும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே தேர்தல் சாமான் சேர்க்கிறவர்களுக்கென்று 1945-லிருந்து சங்கம் உண்டு. நமக்குப் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைதான் சங்கம். மார்த்தாண்டத்தில் ஒன்று, வெட்டூர்ணிமடம் பக்கம் ஒன்று, இரண்டு இடத்திலும் என் நம்பரைக் கொடுத்துவைத்திருக்கிறேன். அதைவிட நல்ல இடம் இடிக்கப்போகிற, ஓடு போட்ட பழைய வீடு. மச்சு, பத்தாயம், நிரைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு என்று பிள்ளைகள் எதையாவது ஒளித்துவைக்கும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

கிடைத்த பொருள் எந்த வருஷத்தது என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ருசி. சின்னமே பாதி சொல்லிவிடும். இரட்டைக்காளை என்றால் 1969-ல் காங்கிரஸ் உடைவதற்கு முந்தியது. பசுவும் கன்றும் என்றால் 1971-க்கும் 1977-க்கும் நடுவில் இந்திரா காங்கிரஸ். கை என்றால் 1978-க்குப் பிந்தியது. இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு முன்னால் கிடையாது. 'பெட்டி' என்று எழுதியிருந்தால் இன்னும் பழசு: 1952-லும் 1957-லும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, சின்னத்தைப் பார்த்து அந்தந்தப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். முத்திரை குத்துகிற சீட்டு பொதுத்தேர்தலுக்கு வந்தது 1962-ல்தான். காகிதச் சாமான் என்றால் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பேரும் ஊரும் இருக்கும், சட்டமே அப்படி. என்னிடம் இருக்கும் காகிதத்தில் பாதிக்கு மேல் சிவகாசி.

கஷ்டம் சைக்கிள்தான். 1996-ல் மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) தொடங்கிச் சைக்கிளில் நின்றபோது நாகர்கோவில் எம்.பி. தொகுதியில் சைக்கிள்தான் ஜெயித்தது. அந்தச் சமயம் கம்பியில் வளைத்த குட்டிச் சைக்கிள் சாவிக்கொத்து தெருத்தெருவாகக் கிடைத்தது. ஆனால் தேர்தல் இல்லாத வருஷத்திலும் அதே சைக்கிள் கன்னியாகுமரிக் கடற்கரையில் விற்றதே! என்னிடம் ஏழு இருக்கிறது. ஒன்றில் மட்டும் மூவர்ணத் துணி நூல் சுற்றியிருக்கிறது. மற்ற ஆறும் வெறும் சைக்கிள் என்றுதான் என் நோட்டில் எழுதியிருக்கிறேன். ம.தி.மு.க.வின் பம்பரத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை. பொம்மையையே சின்னமாக வைத்துவிட்டால் என்னைப் போன்றவள் என்ன செய்வாள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் நன்றாக ஏமாந்தேன். வெளி மாவட்டத்து வியாபாரி ஒருவர் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினார். ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய தகர பேட்ஜ், நடுவில் நுகத்தடியோடு இரட்டைக்காளை, சுற்றி 'உங்கள் ஓட்டு காளைப் பெட்டிக்கே'. பெட்டி! 1957-க்கு இந்தப் பக்கம் வர வாய்ப்பே இல்லை என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. 1200 ரூபாய் அனுப்பினேன். வந்தது. துரு கூட அளவாகப் பிடித்திருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ள, காளை புது எழுத்துல இருக்கு?" என்றார்.

அவ்வளவுதான், 1200 ரூபாய் போச்சு. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் ளை, லை, னை, ணை நான்குக்கும் ஐகாரக் கொம்பு தனியாக நிற்காது, எழுத்தின் தலைக்கு மேல் தும்பிக்கை மாதிரி வளைந்து ஒட்டியிருக்கும். ணா, றா, னா எல்லாம் காலை உள்ளே மடக்கிக்கொண்டிருக்கும். அம்மா அந்த எழுத்தில் படித்தவர். இன்றைக்கும் மளிகைச் சீட்டில் 'வெல்லம், நல்லெண்ணை' என்று எழுதினால் ணையில் தும்பிக்கை ஆடும். கடைக்காரப் பையன் அதை எனக்கு போன் பண்ணித்தான் படிப்பான். நான் பிறந்தது 1979, புது எழுத்துக்காரி, அதனால் கண்ணில் படவே இல்லை.

இதிலும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பழைய எழுத்து இருக்கிறது என்பதற்காக 1978-க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. அச்சுக்கோர்க்கிற காலத்தில் வாங்கிவைத்த ஈய எழுத்தை உடனே தூக்கிப் போடுவார்களா? தேய்கிற வரை ஓட்டியிருப்பார்கள். புது எழுத்து இருந்தால் உடனே போலி என்றும் சொல்ல முடியாது, பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் சீர்திருத்திய எழுத்தைப் போடத் தொடங்கிவிட்டார். ஆனால் 1957-ல் காங்கிரஸ்காரர் பெரியார் எழுத்தில் பேட்ஜ் அடித்தார் என்று என்னை நம்பச் சொன்னால் அது கொஞ்சம் ஓவர். வியாபாரியிடம் கேட்டேன். "அக்கா, இது பழைய மாடல்ல புதுசா அடிச்சதுக்கா, நான் பழசுன்னு சொல்லவே இல்லையே" என்றார். மெசேஜை மேலே தள்ளிப் பார்த்தேன், உண்மையிலேயே சொல்லவில்லை. 'அரிய வகை' என்றுதான் போட்டிருந்தார். அமெரிக்காவில் தேர்தல் சாமானைப் பார்த்துப் புதிதாகச் செய்தால் செய்த வருஷத்தை அதிலேயே பொறிக்க வேண்டும் என்று 1973-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். இங்கே எனக்கு அம்மாதான் சட்டம். அந்த பேட்ஜையும் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன், தலைகீழாக.

நிஜமான காளை அதற்கு அடுத்த வருஷம் வந்தது. பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே ஒரு ஆசாரி வீடு. பழைய வீட்டை இடித்து வார்ப்புக் கட்டிடம் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முதல் தடவை "ஒண்ணும் கெடயாது" என்றார். இரண்டாவது தடவை சாயா கொடுத்தார். மூன்றாவது தடவை அவரே பத்தாயத்துக்குள் கையைவிட்டு ஒரு சாக்குப் பொதியை எடுத்து முன்னால் வைத்தார்.

ஒரு சாண் உயரத்தில் இரண்டு மாடு, ஒரே பலகையில், நுகத்தடியோடு. அயனி மரம். கொம்பு மட்டும் கறுப்பாகப் பனை வைரத்தில் தனியாகச் செய்து செருகியது. நான்கு கொம்பில் ஒன்று இல்லை. வலது மாட்டின் காதைப் பல் வைத்துக் கடித்த தடம் தெளிவாக இருக்கிறது, பால்பல் என்று நினைக்கிறேன். வெள்ளைச் சாயம் போன இடத்திலெல்லாம் மரம் கைபட்டு வழுவழுவென்று ஆகியிருந்தது. பலகையின் இரண்டு ஓரத்திலும் பழைய ஆணி ஓட்டை. அடியில் நான்கு சக்கரம், ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி ஆணி அடித்தது. ஒரு சக்கரத்தில் செருப்பின் கோடுகூடத் தேயாமல் இருக்கிறது.

"இது அப்பச்சி எலெக்சனுக்கு எங்க அப்பா செஞ்சது" என்றார். காமராஜரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்பச்சி என்றுதான் சொல்வார்கள். 1967-ல் விருதுநகரில் தோற்றுப்போன காமராஜர், மார்ஷல் நேசமணி இறந்து காலியான நாகர்கோவில் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தலில் நின்று, லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாரே, அந்தத் தேர்தல். "ஜீப்புக்க மூஞ்சியில பலகையோட ஆணி அடிச்சு வச்சிருந்தாவ. எலெக்சன் முடிஞ்சதும் அப்பா கழத்திக் கொண்டுவந்து, அடுத்ததுக்கு ஆவும்னு பரண்ல வச்சாரு. அடுத்த எலெக்சன் வந்தப்பம் அப்பச்சிக்கு ராட்டை. காளைக்கு வேல இல்ல. அப்பம்தான் எனக்குத் தந்தாரு. சக்கரம் நான் போட்டது."

எனக்கு அங்கேயே ஒரு விஷயம் வெளிச்சமானது. 1969 கடைசியில் காங்கிரஸ் உடைந்து, காளையை இரண்டு பக்கத்துக்கும் இல்லாமல் முடக்கி, 1971-ல் காமராஜர் இதே நாகர்கோவிலில் ராட்டை சுற்றும் பெண் சின்னத்தில் நின்றார். காளை இன்னும் இரண்டு தேர்தல் உயிரோடு இருந்திருந்தால் இந்த மரக்காளை ஜீப்பிலிருந்து ஜீப்புக்கு மாறி உடைந்து அடுப்புக்குப் போயிருக்கும். என் அலமாரியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். காளை, பசுவும் கன்றும், சேவல், புறா. சைக்கிளைத் தவிர்த்தால் ஒன்றுகூட இன்றைக்குத் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கும் சின்னம் இல்லை! சூரியனும் இலையும் அடுத்த தேர்தலுக்கும் வேண்டும், அதனால் கட்சிக்காரர் கையை விட்டு இறங்குவதில்லை, தேய்ந்து காணாமல் போகும்வரை ஓடும். 1996-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு பா.ஜ.க.வின் முதல் எம்.எல்.ஏ. போனது எங்கள் பத்மநாபபுரத்திலிருந்துதான், ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் தாமரை எனக்குக் கிடைத்ததில்லை. போய்ப் பார்த்த இரண்டு வீட்டில் அது சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. எப்படிக் கேட்பது?

பெரியவர் விலை சொல்லவில்லை. "பைசா வேண்டாம். வீடு இடிக்கும்ப எவனாவது சவட்டிப் போடுவான், நீ வச்சுக்க மோளே" என்றார். ஆனால் வாசலில் ஒரு தடை நின்றுகொண்டிருந்தது, ஐந்து வயதுப் பேரன். சாக்கிலிருந்து வெளியே வரும்வரை அவன் அந்தக் காளையைப் பார்த்ததே இல்லை. பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் கயிறு கட்டிவிட்டான். மருமகள் அதட்டினார், தாத்தா கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான் கீழே உட்கார்ந்து தொழிலைக் காட்டினேன். "ரிமோட் ஜேசிபி இருக்கு மக்கா. மஞ்சள் கலரு. மண்ணு தோண்டும்." அவன் கயிற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "லைட் எரியுமா?" எரியும் என்றேன். 850 ரூபாய் ஜேசிபியை அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துக் காளையை வாங்கி வந்தேன்.

இப்போதெல்லாம் தேர்தலில் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஊர்வலத்துக்குத் தொப்பியும் முகமூடியும் கொடுத்தாலும் வேட்பாளர் கணக்கில் ஏறும். பிளாஸ்டிக் கொடிக்கு 2019-லிருந்து தடை. உயிருள்ள பறவை, விலங்கைப் புதிதாகச் சின்னமாகக் கொடுப்பதையும் ஆணையம் நிறுத்திவிட்டது, எங்கள் சித்தப்பா மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தவர்கள் நிறையப் பேர் போலும். நியாயம்தான், குறை சொல்லவில்லை. போன தேர்தலில் எனக்குக் கிடைத்தது ஒரு அட்டை வாக்கு இயந்திரம், மாதிரிக்குக் கொடுப்பது. பக்கத்து வீட்டுக் குட்டி அதை வைத்துப் பேருந்து டிக்கெட் கொடுத்து விளையாடுவதைப் பார்த்து வாங்கினேன். பதிலுக்கு ஒரு செட் வளையல்.

காளை வந்து ஒரு மாசம் இருக்கும். கடையில் கூட்டமில்லாத மத்தியானம், பெரியவரின் மருமகள் பேரனோடு வந்தார். அவன் கையில் ஜேசிபி, ஒரு பக்கச் சக்கரம் கழன்று தொங்கியது. அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியைக் கல்லாமேல் வைத்தான்.

"ஆன்டி, இது ஓடல்ல. அதைத் திருப்பித் தருவியளா?"

நான் பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். ஓடவில்லை. புதிய ஜேசிபி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான், ஆனால் போகும்போதும் காளையைத்தான் பார்த்துக்கொண்டு போனான்.